சமையலறையை மட்டும் விட்டுவைத்தோம்

கூரைமேல் உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஆகஸ்ட் விடுமுறை. ஃபிஜியில் தவுவாவுக்குப் பக்கத்துக் கரும்புக் காட்டில், நான் தங்கியிருந்த வீட்டை நாங்களே பிரித்துக்கொண்டிருந்தோம். கீழே, கழற்றி அடுக்கிய சுவர்ப் பலகைகளின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீட்டுக்காரரின் மகள் நான் காலையில் கொடுத்த இயற்பியல் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். வீடு அவளைச் சுற்றிக் குறைந்துகொண்டே வந்தது. அவள் நிமிரவில்லை. வீட்டோடு ஒட்டாமல் பின்னால் கொய்யா மரத்தடியில் தனியாக நின்ற தகரச் சமையலறையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. புகையைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"மாமா, சமையலறையைப் பிரிக்காம விட்டா என்ன?"

மாமா கூரையின் மறுசரிவில் இருந்தார். வாயில் கவ்வியிருந்த ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு திரும்பினார்.

"இன்னா மேடம், அதுக்குள்ளே பசியா? மாமி இன்னும் ரொட்டி போடலெ."

"பசி இல்ல மாமா. நிஜமாத்தான் கேக்கறேன். வீட்டை எடுத்துட்டுப் போங்க. சமையலறை மட்டும் பரீட்சை முடியறவரைக்கும் நிக்கட்டும். நானும் உங்க பொண்ணும் அதுல இருந்துக்கறோம்."

"குசினியிலேயா? டீச்சரம்மா குசினியிலே குடித்தனம்னு ஊர்லே பாட்டு கட்டுவானுங்க."

"பாட்டு கட்ட ஊர்ல யாரு மாமா பாக்கி?"

அவர் அடுத்த ஆணியில் சுத்தியலின் கொக்கியை மாட்டினார். கூரைமேலிருந்து பார்த்தால் அக்கம்பக்கத்து வீடுகள் இருந்த இடங்கள் எல்லாம் தெரிந்தன. சிமெண்ட் தளம், தண்ணீர்த் தொட்டி, ஒரு மாமரம், கொடிக்கம்பி கட்டிய இரண்டு கம்பங்கள். வீடு மட்டும் இல்லை.

நான் அந்தத் தீவுக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருச்சியில் இயற்பியல் முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்து, மாதத் தேர்வு, வாரத் தேர்வு, தினத் தேர்வு என்று பிள்ளைகளை உலுக்குவதைத் தவிர வேறு வேலை இல்லை என்று கண்டதும், செய்தித்தாளில் பார்த்த ஒரு விளம்பரத்துக்கு அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டபோது வரைபடத்தில் என்னாலும் உடனே காட்ட முடியவில்லை. பசிபிக் கடலில் யாரோ பேனாவை உதறியதுபோல் சில புள்ளிகள். அதில் ஒன்று என்றேன். அப்பா, எந்தப் புள்ளி என்று தெரிந்துகொண்டு போ என்றார்.

முந்தைய வருடம் தலைநகர் சுவாவில் துப்பாக்கி ஏந்தியவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து அரசைக் கவிழ்த்திருந்தார்கள். அதற்கு முன்பும் அங்கே அப்படி நடந்திருக்கிறது. அப்போது போகாமல் இருந்துவிட்ட இந்தியக் குடும்பங்கள் இப்போது போகத் தொடங்கின. முதலில் போனவர்கள் படித்தவர்கள். அதிலும் முதலில் ஆசிரியர்கள். எனக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆய்வக அலமாரிச் சாவி, எனக்கு முன்னால் இருந்தவரோடு பிரிஸ்பேனுக்குப் போயிருந்தது. பூட்டை உடைத்துத்தான் என் முதல் வகுப்பைத் தொடங்கினேன். உள்ளே ஒரு ஊசலும் எறும்புப் புற்றும் இருந்தன.

பள்ளியில் ஆசிரியர் குடியிருப்பு கிடையாது. நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு கரும்பு விவசாயி என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர்தான் மாமா. மாமா, மாமி என்ற முறை அவர்கள் பேச்சிலும் இருந்ததால் அழைப்பதில் சிக்கல் இல்லாமல் போயிற்று. அவருடைய தாத்தா ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கூலியாகக் கப்பலேறி வந்தவர். அந்த வழியில் வந்த தமிழ் மாமாவிடம் கொஞ்சம் தங்கியிருந்தது. கோயிலில் நிற்கும்போதும் மாட்டைத் திட்டும்போதும் அது வெளியே வரும். நான் வந்தபிறகு என்னைக் கேலி செய்யவும் பயன்பட்டது. மாமியும் மகளும் பேசியது ஃபிஜி ஹிந்தி. எனக்கு அது நாளாக ஆகப் பிடிபட்டது. அவர்கள் சொன்னதை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன். மூத்த மகன் ஆக்லாந்தில் டாக்ஸி ஓட்டினான்.

நிலம் பூர்வகுடி ஃபிஜியர்களின் குலங்களுக்குச் சொந்தமானது. கரும்பு போடுகிறவர்கள் குத்தகைக்காரர்கள். அந்தக் குத்தகைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிக்கொண்டிருந்தன. மாமாவின் முறையும் வந்தது. கரும்பை முதல் சுற்றிலேயே வெட்டி ஆலைக்கு அனுப்பியாகிவிட்டது. செப்டம்பருக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். யாரும் யாரையும் மிரட்டவில்லை. நிலத்துக்காரர் குடும்பத்துப் பையன்கள் தாங்களே பயிர் வைக்கப் போகிறார்கள், அவ்வளவுதான். நிலத்துக்காரர் வட்டுகோலா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் மாமாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அவருடைய மகளும் மாமாவின் மகளும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

குத்தகை முடிந்தவர்கள் வீட்டை விட்டுவிட்டுப் போவதில்லை. கூரைத் தகரம், பலகை, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய், சுவாவுக்கும் நௌசோரிக்கும் நடுவில் நகாசிப் பக்கம் கிடைக்கும் ஒரு துண்டு மேட்டில் திரும்பப் பொருத்திக்கொள்வார்கள். மாமாவும் அங்கேதான் இடம் பார்த்திருந்தார்.

எல்லாம் சரி. மகளின் படிப்புதான் சரியாக வரவில்லை. அவள் ஆறாம் ஃபார்ம், நம் ஊர்ப் பன்னிரண்டாம் வகுப்புபோல. வருடக் கடைசியில் பள்ளி இறுதித் தேர்வு. தேர்வுக்குப் பெயர் பதிந்தது எங்கள் பள்ளியில். நடுவில் வேறு பள்ளிக்குப் போனால் அடுத்த வருடம்தான் எழுதலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நகாசிக்குப் போன மாமியின் தங்கை மகளும் ஒரு வருடம் பொறுத்து எழுதலாம் என்றுதான் போனாள். சும்மா இருக்கும் நேரத்துக்கு என்று தையல் ஆலையில் சேர்ந்தாள். இன்னும் அங்கேதான் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டி சாப்பிடும்போது யோசனையை மாமியிடம் சொன்னேன். நான் வேகமாகப் பேசுவேன். அதிலும் புது யோசனை என்றால் மூச்சு விடுவதில்லை. நடுவில் மாமி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீயும் இவளும் மட்டும் இந்தக் காட்டிலயா? நடக்காது."

"மாமி..."

"நானும் இருக்கேன். அவரு போயி வீட்டை நிறுத்தட்டும். பரீட்சை முடிஞ்சு நான் இவளைக் கூட்டிட்டுப் போறேன்."

மாமா ரொட்டியை விண்டபடியே சொன்னார். "அச்சா. பொம்பளைங்க மூணு பேரும் தீர்மானம் போட்டாச்சு. நிலத்துக்காரனை யாரு கேக்கறது?"

"நீங்கதான்," என்றோம்.

கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. நங்கோனா என்று மாமா சொல்வார்; மிளகு இனத்துச் செடி ஒன்றின் வேர். இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். அதன் இடிக்காத வேரை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துப்போய், நிலத்துக்காரர் முன்னால் பாயில் வைத்து, வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் கட்டைத் தொட்டு எடுத்துக் கைதட்டிவிட்டால் காரியம் ஏற்கப்பட்டது என்று பொருள். மாமா இதைச் சின்ன வயதிலிருந்து செய்துவருகிறவர். கல்யாணத்துக்கு அழைக்க, மாடு அவர்கள் தோட்டத்தில் மேய்ந்ததற்கு மன்னிப்புக் கேட்க, எல்லாவற்றுக்கும் அந்த வேர்க்கட்டுதான். நானும் பார்க்க வேண்டும் என்று ஒட்டிக்கொண்டேன்.

அன்று பிற்பகல் நிலத்துக்காரர் வீட்டுக் கூடத்தில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசல் ஓரத்தில் பெண்களோடு உட்கார்ந்தேன். மாமா கட்டைப் பாயில் வைத்து, கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஃபிஜிய மொழியில் பேசத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அழகாகப் பேசினார் என்று தெரிந்தது. குரல் தழைந்தது, நின்றது, திரும்ப எழுந்தது. சில பெண்கள் தலையைக் குனிந்தார்கள். திடீரென்று நிலத்துக்காரர் முன்னால் குனிந்து கட்டை எடுத்தார். எல்லோரும் கையைக் குழித்து ஆழமாகத் தட்டினார்கள். அவர் ஏதோ சொன்னார்; சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கொட்டாங்கச்சியில் நங்கோனா வந்தது. மாமா குடித்தார். நானும் குடித்தேன், நாக்கு மரத்தது. கிளம்பும்போது நிலத்துக்காரரின் மனைவி, ஓரத்தில் வண்ணக் கம்பளி நூல் வைத்துப் பின்னிய ஒரு புதுப் பாயைச் சுருட்டி மாமாவின் தோளில் வைத்தாள். கேட்டதைக் கொடுத்ததோடு பாயும் கொடுக்கிறார்களே, எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நான் பூரித்துப்போனேன்.

கரும்பு ரயிலின் தண்டவாளத்தோரமாக வீட்டுக்கு நடந்தோம்.

"எவ்வளவு நாள் குடுத்தாங்க மாமா?"

"இன்னா நாளு?"

"சமையலறைக்கு."

"சமையலறையைப் பத்தி நான் எங்கே பேசினேன்?"

நின்றுவிட்டேன். மாமாவும் நின்று, பாயை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினார்.

நடந்தது இதுதான். கேட்பதற்கும் விடைபெறுவதற்கும் ஒரே வேர்க்கட்டுதான். முதலில் பேசும் சொற்களிலிருந்துதான் எதற்கு வந்திருக்கிறார் என்று எதிரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். மாமாவுக்கு எடுத்த எடுப்பில் கேட்க நாக்கு வரவில்லை. இத்தனை வருடம் மண்ணைக் கொடுத்ததற்கு நன்றி என்று தொடங்கினார். தாத்தா காலத்தைச் சொன்னார். வெள்ளம் வந்த வருடம் நிலத்துக்காரர் வீட்டில் எல்லோரும் படுத்துக்கிடந்ததைச் சொன்னார். இதையெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் மெல்லச் சமையலறைக்கு வரலாம் என்று நினைத்திருக்கிறார். அந்த மாதங்களில் சுற்றுவட்டாரத்துக் குத்தகைக்காரர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வேர்க்கட்டோடு வந்து விடைபெற்றுப் போய்க்கொண்டிருந்தார்கள். இவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நிலத்துக்காரர் மனம் நெகிழ்ந்து, பேச்சு முடியுமுன்பே கட்டை எடுத்துவிட்டார்.

"அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமே மாமா. நான் அதுக்கு வரலேன்னு."

"அவன் அழுதுகினு கீறான். நான் போயி, அழாதே, குசினிக்கு இடம் குடுன்னு சொல்றதா? உங்க ஊர்லே அப்படித்தான் பேசுவாங்களா?"

"சரி, நாளைக்கு மறுபடியும் போகலாம்."

"விடை வாங்கியாச்சு. பாயும் வாங்கியாச்சு. நாளைக்குப் போயி அவன் வாசல்லே நின்னா மனுசன் இன்னா நெனப்பான்?" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவு கெட்டியாக ஒரு முடிவை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டில் சொன்னதும் மகள் புத்தகத்தை மூடினாள். எழுந்து போய், தன் துணிகளை மடித்து அரிசிச் சாக்கில் வைக்கத் தொடங்கினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே தங்கிவிடலாம், தவுவா டவுனில் ஓர் அறை பார்க்கலாம், தலைமையாசிரியர் காலில் விழலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். மாமி பாயைப் பிரித்துப் பின்னலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல பாய்," என்றாள். பிறகு, "விடை வாங்கினது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்றார் மாமா.

"நான் வாங்கலியே. நான் இங்க ரொட்டி போட்டுக்கிட்டு இருந்தேன்."

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவளும் உன்னை மாதிரி ஆயிட்டா மேடம்," என்றார்.

மறுநாள் காலை மாமி தவுவா சந்தையில் ஒரு வேர்க்கட்டு வாங்கினாள். நல்ல புடவை கட்டிக்கொண்டாள். மாமா கூரைமேலேயே இருந்துவிட்டார். நாங்கள் மூவரும் போனோம். மாமி பாயில் உட்கார்ந்ததும், கட்டைக் கீழே வைப்பதற்கு முன்பே, தன் ஹிந்தியில் முதல் சொல்லாகச் சொன்னாள்: "இது கேக்கறதுக்கு. போறதுக்கு இல்ல."

நிலத்துக்காரரும் அந்தப் பக்கத்து எல்லோரையும்போல ஹிந்தி சரளமாகப் பேசுவார். கட்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"உன் புருசன் நேத்து விடை வாங்கிட்டான். நான் அழுதேன். என் வீட்டு ஆளுங்கல்லாம் பாத்தாங்க."

"ஆமா, கேள்விப்பட்டேன்."

"காலையில அந்தப் பக்கம் டொக் டொக்னு சத்தம். போனவனோட ஆவி வந்து ஆணி புடுங்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"ஆவி இல்ல. ஆளேதான். அவருக்கு நன்றி சொல்ல ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. கல்யாணத்தன்னிக்கும் எங்கப்பாவுக்கு அப்படித்தான் சொன்னாரு. சோறு ஆறிப்போச்சு."

கூடம் முழுவதும் சிரித்தது. நிலத்துக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மாமி விஷயத்தைச் சொன்னாள். சமையலறை மட்டும். தேர்வு முடியும்வரை. அப்புறம் அந்த இடத்தில் ஒரு குச்சிகூட இருக்காது.

உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. நிலத்தை உழப்போகிற மூத்த மகன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஊர் ரக்பி அணியில் விளையாடுகிறவன், அகன்ற தோள். மழைக்கு முன்னால் உழவேண்டும், டிராக்டர் சொல்லியாகிவிட்டது, நடுவில் ஒரு சமையலறை நின்றால் எப்படி என்று கேட்டான். நியாயமான கேள்வி. அப்பாவும் மகனும் தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். நான் மாமாவின் மகளைப் பார்த்தேன். அவள் பாயின் ஓரத்து நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நிலத்துக்காரரின் மகள் வாசலிலிருந்தே ஏதோ சொன்னாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எங்களிடம் சொன்னார்.

"இவளும் அங்க வந்து படிக்கணுமாம். இந்த வீட்டுல படிக்க முடியலையாம். ரேடியோவாம், குழந்தைங்களாம், நான் குறட்டை விடறேனாம்." வேர்க்கட்டை எடுத்துக் கைதட்டினார். "குசினியைச் சுத்தி உழுவான். கடைசிப் பரீட்சை முடிஞ்ச வாரமே இடம் எனக்கு முழுசா வேணும். குழிகூட இருக்கக் கூடாது."

மாமி தலையை அசைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். இந்தத் தடவை எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நானும் தட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் மாமா லாரியில் வீட்டை ஏற்றிக்கொண்டு நகாசிக்குப் போனார். அதன்பிறகு எங்கள் உலகம் ஒரு தகரச் சமையலறை. ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் நாங்கள் மூவரும் படுக்கும் இடம். பாத்திரம் எல்லாம் உத்தரத்தில் தொங்கியது. டிராக்டர் வந்து நாலு பக்கமும் உழுதுவிட்டுப் போனபிறகு, சிவந்த மண்ணுக்கு நடுவில் எங்கள் சமையலறையும் கொய்யா மரமும் ஓர் ஒற்றையடிப் பாதையும் மட்டும் மிஞ்சின. பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் செருப்பில் ஒரு கிலோ மண் ஏறிவிடும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அடுப்புக்குப் பின்னாலிருந்த தகரச் சுவரைப் பார்த்தேன். வருடக்கணக்கில் கரி படிந்து, பளபளப்பில்லாத நல்ல மங்கல் கருப்பு. பள்ளியிலிருந்து சுண்ணக்கட்டி எடுத்துவந்து ஒரு கோடு போட்டேன். பிரமாதமாக விழுந்தது. அன்றிலிருந்து அதுதான் கரும்பலகை. மேலே மின்சுற்று, கீழே எறிபொருளின் பாதை. கோடுகளில் தகரத்தின் மடிப்புக்கு ஏற்ப அலை வந்தது.

"இவ்வளவு நாளும் தேய்ச்சுக் கழுவணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்," என்றாள் மாமி. "நல்லவேளை, நான் சோம்பேறி."

நிலத்துக்காரரின் மகள் பள்ளி விட்டதும் வந்துவிடுவாள். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு இலை கொண்டுவருவாள். மாமியின் கத்தரிக்காய்ச் சட்னியை ரொட்டியில் தடவி அடுக்கித் தின்பாள். அவளுக்குக் கணக்கு வராது, ஆனால் எதையும் ஒரு தடவை பார்த்தால் வரைந்துவிடுவாள். மாமாவின் மகளுக்குக் கணக்கு வரும், படம் கோணும். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே படித்தார்கள். எரித்த கரும்புக் காட்டிலிருந்து வரும் சாம்பல் நோட்டுகளின்மேல் விழும். ஊதித் தள்ளிவிட்டு எழுதுவார்கள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மாமா வாரம் ஒரு முறை கடைத்தெருத் தொலைபேசிக்கு அழைப்பார். மகள் போய்ப் பேசிவிட்டு வருவாள். அன்று திரும்பி வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்; சட்டையெல்லாம் சுண்ணக்கட்டித் தூள்.

"அங்க தினம் மழையாம்," என்றாள்.

எங்கள் பக்கம் வறண்ட பக்கம். நகாசிப் பக்கம் மழைப் பக்கம். பழைய தகரத்தைத் திரும்ப அடிக்கும்போது பழைய ஆணி ஓட்டைகள் புது மரத்தோடு பொருந்தவில்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர். மாமா தாரைக் காய்ச்சி அடைக்கிறார், அடுத்த மழையில் வேறு ஓட்டை திறக்கிறது. படுக்கையை நாளுக்கு ஒரு மூலைக்கு நகர்த்துகிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம்.

"நான் போறேன் மா," என்றாள். "தையல் ஆலையில சேந்தா ரெண்டு மாசத்துல புதுத் தகரம் வாங்கிடலாம். பரீட்சை எங்கயும் போயிடாது."

மாமி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். நான் ஆரம்பித்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு, ஒரு வருடம் எப்படி எல்லா வருடமும் ஆகிவிடும், அவள் சித்தி மகள் என்ன ஆனாள், பல்கலைக்கழகம், உதவித்தொகை என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். நான் பேசப் பேச அவள் இன்னும் தனக்குள்ளே போய்க்கொண்டிருந்தாள் என்பது எனக்கே தெரிந்தது, நிறுத்த முடியவில்லை.

நிலத்துக்காரரின் மகள்தான் குறுக்கே பேசினாள். தரையில் குப்புறப் படுத்து ஒரு லென்ஸின் கதிர்ப்படத்துக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

"நீ போனா நான் யார்கிட்ட கேப்பேன்? மேடம் பேசறதுல பாதிதான் எனக்குப் புரியுது. இவ்வளவு வேகமா யாருதான் பேசுவாங்க? நீ திரும்பச் சொல்றதைக் கேட்டுத்தான் நான் எழுதறேன்."

மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முகம் சுட்டது, அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கப்பா நனையறாரு. நனைஞ்சா காயும்," என்றாள் மாமி, சிரிப்பு முடிந்தபிறகு. "அவரு படுக்கைய நகத்தறது உனக்காகத்தான். நீ இங்க இருக்கேன்னு நெனச்சுத்தான் அங்க தூங்கறாரு. உக்காரு. ரொட்டி ஆறுது."

அவள் உடனே உட்காரவில்லை. வெளியே போய் உழுத மண்ணில் கொஞ்சநேரம் நின்றாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, தோழியின் படத்தைப் பார்த்து, "குவியம் தப்பான பக்கத்துல இருக்கு," என்றாள். அன்றிலிருந்து நான் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டேன். மெதுவாக என்றால், அவர்கள் கணக்குப்படி.

தேர்வு வந்தது, நடந்தது. கடைசித் தாள் இயற்பியல். பள்ளி மண்டபத்துக்கு வெளியே வேலியோரம் நான் அங்குமிங்கும் நடந்ததில் புல் படிந்துபோயிற்று. வெளியே வந்த இருவரும் முதலில் தண்ணீர்க் குழாய்க்குப் போனார்கள். குடித்து முடித்தபிறகுதான் மாமாவின் மகள் என்னிடம் வந்தாள்.

"எல்லாத்தையும் எழுதினேன் மேடம்."

"லென்ஸ்?"

"படம்கூட நேரா வந்தது."

முடிவு வருவதற்கு மாதக்கணக்கு ஆகும். ஆனால் எழுதிவிட்டாள்.

மறுநாள் மாமா வந்து சேர்ந்தார். மெலிந்திருந்தார். ஆலைக்குக் கரும்பு ஏற்றும் ஒரு லாரியை, சீசன் முடிந்து சும்மா நிற்பதை, ஓட்டுநரோடு பேசிக் கொண்டுவந்திருந்தார். மாமியின் சட்னியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஆணியைப் புடுங்க வேணாம்பா," என்றாள் மகள்.

"அப்பாலெ எப்படி? ஊதினா வருமா?"

"புடுங்கினா ஓட்டை. ஓட்டைன்னா ஒழுகும். அப்படியே தூக்கிடலாம். முழுசா."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது உன் யோசனையா?"

"சத்தியமா இல்லை மாமா," என்றேன். உண்மையில் எனக்கு வந்திருக்க வேண்டிய யோசனை. வரவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கரிச்சுவரில் தோழி வரைந்த ஒரு படம் இருந்தது. நாலு கால்களையும் மண்ணைத் தோண்டி விடுவிப்பது, அடியில் இரண்டு நீண்ட மரங்களைக் குறுக்கே கட்டுவது, மரத்துக்கு இத்தனை பேர் என்று தோள் கொடுப்பது. பக்கத்தில் தகரத்தின் எடை, மரத்தின் எடை, லாரியின் அகலம் எல்லாம் மகளின் கையெழுத்தில். எடையை இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்திருந்தாள். நான் சரிபார்த்தேன். ஓர் இடத்தில்கூடத் தப்பு இல்லை.

"தூக்க ஆளு?" என்றார் மாமா.

"எங்கண்ணன் டீம்," என்றாள் நிலத்துக்காரரின் மகள். "அவனுக்கு இடம் சீக்கிரம் வேணும். கேட்டாச்சு."

"வேர்க்கட்டு வச்சுக் கேட்டியா?"

"தங்கச்சிக்கு எதுக்கு வேர்க்கட்டு? சும்மாதான் கேட்டேன்."

மாமா லாரியைச் சுற்றி வந்தார். ராக்கிராக்கிப் பக்கத்து வளைவுகள், ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள், போலீஸ், மழை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் மகளிடம் ஒரு பதில் இருந்தது. போலீசுக்கு மட்டும் இல்லை. போலீஸ் கேட்டால் சமையலறை என்று சொல்லலாம், அதுதானே உண்மை என்றாள் மாமி. வழியில் பசித்தால் உள்ளேயே அடுப்பு மூட்டிக்கொள்ளலாம் என்று ஓட்டுநர் தன் பங்குக்குச் சொன்னார். எனக்கு அங்கே இன்னும் ஒரு வருட வேலை பாக்கி. நிலத்துக்காரர் வீட்டில் எனக்கு ஒரு மூலை ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் நகாசிவரை லாரியில் போய்த் திரும்புவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சாயங்காலம் மூத்த மகன் வந்து ஒரு தூணைத் தோளால் முட்டிப் பார்த்தான். தகரம் கடகடத்தது, கொய்யா இலைகள் உதிர்ந்தன. நாளைக்குக் காலையில் அணியைக் கூட்டி வருகிறேன், குழிகளை நானே மூடிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மாமா சுத்தியலை லாரியின் இருக்கைக்கு அடியில் போட்டார். மண்வெட்டியை எடுத்துவந்து முதல் காலைச் சுற்றித் தோண்டத் தொடங்கினார். மகள் எதிர்ப்பக்கத்துக் காலுக்குப் போனாள்.

"எடுத்ததும் எல்லாரும் சேந்து தூக்கிடக் கூடாதுப்பா," என்றாள், மண்ணை வாரிப் போட்டபடியே. "முதல்ல ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்க்கலாம்."